தீவுக் காசும் தோட்டக் காசும்

சுங்கை பெசாரிலோ தஞ்சோங் காராங்கிலோ ஒரு கல்யாணப் பேச்சு நடந்தால், "பெண்ணுக்கு எத்தனை பவுன் போடுகிறீர்கள்?" என்ற கேள்வி எப்படியும் வந்துவிடும். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. பவுன் முதலில் எடையாக இருக்கவில்லை. அது ஒரு காசு. சாவரின் எனப்படும் பிரிட்டிஷ் தங்க நாணயம், அதாவது ஒரு பவுண்டு ஸ்டெர்லிங். 22 காரட் தரம், 7.98 கிராம் எடை. ராணி முகமோ ராஜா முகமோ பதித்த அந்தக் காசைக் கோத்துத்தான் வசதி படைத்த வீடுகளில் காசுமாலை செய்தார்கள். பிறகு நாணயம் புழக்கத்தை விட்டுப் போனது. அதன் எடை மட்டும் எட்டு கிராம் என்ற கணக்கில் தமிழர் நாக்கில் தங்கிவிட்டது.

'வெள்ளி'யின் கதையும் இதுதான். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர் ஒருவர் இங்கே "அஞ்சு வெள்ளி கொடுங்க" என்பதைக் கேட்டுத் திகைப்பார். ஒரு காலத்தில் பினாங்கு முதல் சிங்கப்பூர் வரை ஓடியது மெக்சிகோ நாட்டின் வெள்ளி டாலர். 1903இல் நீரிணைக் குடியேற்றங்களின் அரசு தனக்கென்று ஒரு டாலர் அடித்தபோது அதுவும் வெள்ளியில்தான் இருந்தது. இன்று ரிங்கிட்டில் ஒரு துளி வெள்ளி இல்லை. சொல் மட்டும் இருக்கிறது.

தங்கத்துக்குப் பவுன், ரிங்கிட்டுக்கு வெள்ளி. பிளாட்டினத்துக்கு அப்படி ஒரு சொல் தமிழில் இல்லை. இத்தனைக்கும் 1983 முதல் உலகச் சந்தையில் பிளாட்டின நாணயம் ஒன்று பெயரோடும் புகழோடும் விற்கப்பட்டது. அதை வெளியிட்டது அமெரிக்காவோ ஜப்பானோ அல்ல, நம் சபாக் பெர்ணம் மாவட்டத்தைவிடச் சிறிய ஒரு தீவு. ஒரு காசை வாங்கும்போது அதில் என்ன உலோகம் இருக்கிறது, யார் தலை இருக்கிறது என்றுதான் பொதுவாகப் பார்க்கிறோம். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதா என்ற மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியின் வரலாறு பிளாட்டினத்தில் நன்றாகத் தெரியும். தோட்டப்புறத்து வரலாற்றில் அதைவிட நன்றாகத் தெரியும்.

ஏமாற்ற வந்த உலோகம்

தென் அமெரிக்காவில், இன்றைய கொலம்பியாவில், தங்கம் அரித்த ஸ்பானியர்களுக்கு ஆற்று மணலில் ஒரு வெள்ளை உலோகமும் கிடைத்தது. அவர்கள் அதை 'பிளாட்டினா' என்றார்கள். குட்டி வெள்ளி என்று பொருள். மதிப்பாகச் சொன்ன பெயர் அல்ல, இளக்காரமாகச் சொன்ன பெயர். அடுப்பில் உருகாது, ஆனால் தங்கத்தைவிடக் கனம். இந்தக் கனம்தான் கள்ளர்களுக்குப் பிடித்துப்போனது. வேறு மலிவான உலோகத்தில் தங்க நாணயம் அடித்தால் கையில் வாங்கியதுமே எடை காட்டிக்கொடுத்துவிடும். பிளாட்டினத்தில் அடித்து மேலே தங்க முலாம் பூசினால் தராசே ஏமாந்தது. இன்று தங்கத்தோடு போட்டி போடும் உலோகம், நாணய உலகில் முதலில் நுழைந்தது கள்ளக் காசாகத்தான்.

பிளாட்டினத்தை வெளிப்படையாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த முதல் அரசு ரஷ்யா. யூரல் மலையில் நிறையக் கிடைத்ததால் 1828 முதல் 3, 6, 12 ரூபிள் மதிப்பில் பிளாட்டின நாணயங்களை ஜார் அரசு அடித்தது. நாணயத்தின் மேல் எழுதிய தொகை மாறாது. ஐரோப்பிய சந்தையில் உலோகத்தின் விலையோ ஏறி இறங்கும். உலோக விலை இறங்கினால், வெளியே மலிவாக வாங்கிக் கள்ள ரூபிள் அடித்து உள்ளே அனுப்பலாம் என்ற பயம் வந்தது. தவிர, அந்தப் பழைய உலைகளுக்குப் பிளாட்டினம் அடங்காத பிள்ளை. தங்கம் 1,064 டிகிரி செல்சியசில் உருகும். பிளாட்டினத்துக்கு 1,768 டிகிரி வேண்டும். 1845இல் ரஷ்யா அந்த நாணயத்தை நிறுத்தித் திரும்பப் பெற்றுக்கொண்டது. சந்தையில் கொடுத்து அரிசி வாங்கும் காசாகப் பிளாட்டினம் இருந்தது அந்த 17 ஆண்டுகள்தான் எனலாம்.

மான் தீவின் நோபிள்

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் கிடக்கிறது மான் தீவு. 572 சதுர கிலோமீட்டர். பிரிட்டிஷ் மன்னருக்கு உட்பட்டது. ஆனால் பிரிட்டனின் பகுதி அல்ல. டின்வால்ட் என்ற சொந்த நாடாளுமன்றம் உண்டு, சொந்தச் சட்டம் உண்டு, சொந்தக் காசும் உண்டு. 1983இல் அந்தத் தீவு 'நோபிள்' என்ற பெயரில் ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், பிளாட்டின நாணயத்தை வெளியிட்டது. ஒரு பக்கம் எலிசபெத் ராணி, மறுபக்கம் வைக்கிங் கப்பல். நோபிள் என்பது 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் எட்வர்ட் காலத்து ஆங்கிலத் தங்கக் காசின் பெயர். அதிலும் ஒரு கப்பல் இருந்தது. பழைய பெயரைத் தூசு தட்டி எடுத்து, புது உலோகத்துக்குச் சூட்டினார்கள். அதன்மேல் இத்தனை பவுண்டு என்ற தொகை கிடையாது. ஒரு நோபிள், அவ்வளவுதான். விலையைச் சந்தை சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள். ரஷ்யா பட்ட பாட்டுக்கு இது புத்திசாலித்தனமான பதில் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு சின்னத் தீவுக்கு இது எதற்கு? காரணம் எளிமையானது. நாணயம் வெளியிடும் சட்ட அதிகாரம் என்பது ஒரு சொத்து. நிலம் இல்லாதவன் குத்தகைக்கு விட முடியாது. அதிகாரம் இருக்கிறவன் அதைக் குத்தகைக்கு விடலாம். வேறு ஊரில் உள்ள நாணயச்சாலை உலோகம் வாங்கும், அச்சடிக்கும், விளம்பரம் செய்யும், உலகெங்கும் சேகரிப்பாளர்களுக்கு விற்கும். தீவு அரசு தன் பெயரையும் சட்டத்தையும் தந்து அதற்கு ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும். தபால்தலையில் பல தீவுகள் இதை முன்பே செய்து பழகியவை.

இதே வழியில் பசிபிக் தீவுகளும் இறங்கின. தோங்கா 1967இல் தன் மன்னரின் முடிசூட்டு விழாவுக்குப் பிளாட்டினத்தின் உடன்பிறப்பான பல்லேடியத்தில் நாணயம் அடித்தது. நியுவே, குக் தீவுகள், துவாலு ஆகியவற்றின் பெயரில் தங்கமும் வெள்ளியும் சில வேளை பிளாட்டினமும் நாணயமாக வருகின்றன. நியுவேயில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. அவர்கள் கடையில் கொடுப்பது நியூசிலாந்து டாலர். பிட்கேர்ன் தீவில் சுமார் 50 பேர்தான். அதற்கும் 1988 முதல் நாணயம் உண்டு. அந்த 50 பேரும் ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கினாலும் விற்றுத் தீராது என்பது வேறு விஷயம். இந்த நாணயங்கள் தம் தீவில் புழங்குவதற்காகப் பிறந்தவை அல்ல. பலவும் கண்ணாடிப் பெட்டியில் பிறந்து கண்ணாடிப் பெட்டியிலேயே இருக்கின்றன.

பெட்டியோடு ஒரு சான்றிதழ் வரும். அதில் 'சட்டப்படி செல்லும் நாணயம்' என்று இருக்கும். படிப்பவருக்கு ஓர் அரசாங்கமே பின்னால் நிற்பதுபோல் தோன்றும். அந்த வாசகத்தின் பொருள், அந்தத் தீவின் எல்லைக்குள், அதன்மேல் எழுதிய தொகைக்குச் செல்லும் என்பதுதான். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய நாணயத்தின் மேல் 50 டாலரோ 100 டாலரோ எழுதியிருக்கலாம். சட்டம் காப்பாற்றுவது அந்த ஐம்பதை அல்லது நூறைத்தான்.

ஒரு தென்னந்தோட்டத்தின் நாணயம்

கோலசிலாங்கூரிலிருந்து சுங்கை பெசார் வரை கரையோரமாகப் போகிறவர் பார்ப்பது வயல், செம்பனை, தென்னை. இந்த வட்டாரத்தில்தான் 1917இல் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோகோனியே, மலாயாவில் வணிக முறையிலான முதல் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். அதன் பெயர் தென்னமாரம். தமிழ்த் தென்னைமரம்தான் ஆங்கிலப் பதிவேட்டில் அப்படி ஆனது. நட்டது செம்பனை, பெயர் தென்னை! தேங்காயும் கொப்பரையும் தெரிந்த இந்த மக்களுக்கு, தீவு நாணயங்களில் நெருக்கமாகப் புரியக்கூடியது மான் தீவின் நோபிள் அல்ல. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கோகோஸ் கீலிங் தீவுகளின் காசுதான்.

கோகோஸ் என்பது 27 சின்னஞ்சிறு பவளத் தீவுகள். முழுவதும் தென்னை. 1827இல் ஜான் குளூனிஸ் ராஸ் என்ற ஸ்காட்லாந்து மாலுமி அங்கே குடும்பத்தோடு குடியேறினார். அவருக்கு முன்பே அலெக்ஸாண்டர் ஹேர் என்பவர் மலாய் அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். 1886இல் விக்டோரியா ராணி தீவுகளை நிரந்தரமாக ராஸ் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார். அதே ஆண்டு நிர்வாகம் நீரிணைக் குடியேற்றங்களின் கீழ் வந்தது. பிறகு சிங்கப்பூரோடு சேர்ந்தது. 1955இல் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்வரை அது ஒரு வகையில் நம் பக்கத்துத் தோட்டம்.

அங்கே கொப்பரை உரித்த மலாய்த் தொழிலாளிகளுக்குச் சம்பளம் எப்படிக் கிடைத்தது? முதலில் தோல் நோட்டு. பிறகு 1913இல் தந்தம்போல் தோற்றம் தரும் பிளாஸ்டிக் வில்லைகள். 5 காசு முதல் 5 ரூபாய் வரை, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு அடித்தார்கள். கணக்கு ரூபாயில்தான், அது இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் பழக்கம். ஆனால் அந்த ரூபாய் செல்லும் இடம் ஒன்றே ஒன்று: முதலாளி குடும்பத்தின் கடை. சம்பளம் கொடுப்பவரும் அவர், சாமான் விற்பவரும் அவர், விலை எழுதுபவரும் அவர். அந்தக் காசைச் சேர்த்து வைத்தாலும் அது சேமிப்பு ஆகாது. 1968இல்கூட அங்கே புதிதாகப் பிளாஸ்டிக் காசு போட்டார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அதற்கு அடுத்த ஆண்டு மனிதன் நிலாவில் கால் வைத்தான்.

இந்த முறை கோகோசுக்கு மட்டும் உரியதல்ல. மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவின் டெலி வட்டாரப் புகையிலைத் தோட்டங்களும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தங்கள் சொந்த வில்லைகளை அடித்துக் கூலியாகக் கொடுத்தன. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில், தொழிலாளி தன் சம்பளத்தை எங்கே, யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக்கூடாது என ஒரு விதி இருக்கிறது. இன்றைய இளைஞருக்கு அது வேடிக்கையாகத் தோன்றும். தோட்டக் கடையில் துண்டு விழுந்து வாழ்ந்த தலைமுறைக்கு வேடிக்கையாக இராது.

கோகோஸ் என்றதும் தமிழர் மறக்கக்கூடாத இன்னொன்றும் உண்டு. துணிந்த ஆளை, தந்திரக்காரனை 'எம்டன்' என்கிறோமே, அந்த எம்டன் கப்பலின் கதை முடிந்தது அங்கேதான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டு வீசிக் கலக்கி, அக்டோபர் 28இல் பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து போர்க்கப்பலை மூழ்கடித்த அந்த ஜெர்மன் கப்பலை, நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் அருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி அடித்துக் கரையில் ஏற வைத்தது. சிதைந்த எம்டனிலிருந்து எடுத்த பொருள்களில் மெக்சிகோ வெள்ளி டாலர்களும் இருந்தன. நம் 'வெள்ளி'யேதான்! அவற்றில் சுமார் ஆயிரத்தை வளையம் மாட்டிப் பதக்கமாக்கினார்கள். சந்தையில் ஓடிய காசு இப்படி ஒரே போரில் சேகரிப்புப் பொருளாகிவிட்டது. அதற்குச் சான்றிதழும் பெட்டியும் தேவைப்படவில்லை.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் கோகோஸ் மலாய்க்காரர் பலர் தீவை விட்டுக் கிளம்பினார்கள். ஒரு பகுதியினர் வட போர்னியோவுக்கு, இன்றைய சபாவின் தாவாவ், லஹாட் டத்து பக்கத் தோட்டங்களுக்கு வந்தார்கள். பிளாஸ்டிக் ரூபாய் தாவாவில் ஒரு கோப்பைத் தேநீர்கூட வாங்காது. தீவில் இருந்தவர்களின் நிலையை 1974இல் ஐக்கிய நாட்டு சபைக் குழு நேரில் பார்த்துக் கண்டித்தது. ஆஸ்திரேலிய அரசு 1978இல் 62 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்துத் தீவுகளின் பெரும்பகுதியை ராஸ் குடும்பத்திடமிருந்து வாங்கியது. 1984இல் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் ஆஸ்திரேலியாவோடு இணையத் தீர்மானித்தார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வேடிக்கை. 1977இல், ஆட்சி கையை விட்டுப் போகும் தறுவாயில், ராஸ் குடும்பம் வந்திறங்கிய 150ஆம் ஆண்டு நிறைவுக்குக் கோகோஸ் தீவுகளின் பெயரில் பளபளக்கும் நாணய வரிசை ஒன்று வெளிவந்தது. சில்லறைக் காசுகளோடு 10 ரூபாய், 25 ரூபாய் வெள்ளி நாணயங்களும் 150 ரூபாய்த் தங்க நாணயமும் அதில் அடக்கம். தொழிலாளிக்குப் பிளாஸ்டிக், சேகரிப்பாளருக்குத் தங்கம். இன்று இரண்டையுமே நாணய வியாபாரிகள் விற்கிறார்கள். 1913இன் பிளாஸ்டிக் வில்லைக்கு இப்போது ஆர்வலர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள். அந்த விலை, அதை வியர்வை சிந்திச் சம்பாதித்தவரின் பேரப்பிள்ளைக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. அவர் அதை அன்றே கடையில் அரிசிக்குக் கொடுத்திருப்பார்.

எட்டு வெள்ளி ஐம்பத்தேழு காசு

மலாயாத் தோட்டங்களில் கூலி அரசாங்கக் காசில் கிடைத்தது. 1906இல் நீரிணை டாலரின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிலைநிறுத்தினார்கள். அதாவது 60 வெள்ளிக்கு 7 பவுன். ஒரு பவுன் 8 வெள்ளி 57 காசு. 1920களின் கடைசியில் கரையோரத் தோட்டங்களில் ஒரு நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரு பவுனுக்கு ஆண் 17 நாளும், பெண் 21 நாளும் பால் வெட்ட வேண்டும், அதுவும் ஒரு காசுகூடச் செலவு செய்யாமல். 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் கூலியை 40, 32 எனக் குறைத்தார்கள். அப்படிப்பட்ட காலத்திலும் ஒரு குந்துமணியாவது தங்கமாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்று அந்தப் பெண்கள் நினைத்தது வெறும் நகை ஆசை என்று சொல்லிவிட முடியாது.

அது எவ்வளவு சரி என்பது 1942இல் தெரிந்தது. ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டுதான் மூன்றரை ஆண்டுகள் நாட்டின் பணம். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்து அது செல்லாது என்று அறிவித்தார்கள். சாக்கு நிறைய வைத்திருந்தவர்களுக்கும் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டார்கள். இடுப்பில் முடிந்து வைத்திருந்த தங்கத்தை மட்டும் வாங்க ஆள் இருந்தது.

அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் தோட்டம் கைமாறியபோது கிடைத்த இழப்பீட்டையும், 55 வயதில் எடுத்த சேமநிதிப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு, எதில் போடலாம் என்று யோசித்தவர்கள், யோசித்துக்கொண்டிருப்பவர்கள். பளபளப்பான பெட்டியும் வெளிநாட்டு ராணி முகமும் அவர்களை நோக்கியும் வரத்தான் செய்யும்.

மலேசியாவிலும் முதலீட்டு நாணயம் உண்டு. பேங்க் நெகாரா 2001 ஜூலையில் கிஜாங் எமாஸ் என்ற தங்க நாணயத்தை வெளியிட்டது. ஷா ஆலாமில் அச்சானது. ஓர் அவுன்ஸ் நாணயத்தின் மேல் 200 வெள்ளி என்று இருக்கும். அந்த நேரத்திலேயே அதிலுள்ள தங்கம் சுமார் 1,000 வெள்ளி பெறும். இங்கும் முகத்தில் எழுதிய தொகைக்கும் உள்ளே இருக்கும் மதிப்புக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: விற்கும் விலையோடு, திருப்பி வாங்கும் விலையையும் பேங்க் நெகாரா அறிவித்தது. கிளந்தான் மாநில அரசு 2010இல் தங்க தினார் வெளியிட்டபோது, நாணயம் வெளியிடும் அதிகாரம் பேங்க் நெகாராவுக்கு மட்டுமே என்று மத்திய அரசு சொன்னது. மான் தீவுக்கு இருக்கும் அதிகாரம் அதைவிடப் பல மடங்கு பெரிய கிளந்தானுக்கு இல்லை. பரப்பளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பிளாட்டினத்துக்கு வருவோம். 2000ஆம் ஆண்டுகளில் அது தங்கத்தைவிட விலை கூடிய உலோகம். 2008 ஜனவரியில் தென் ஆப்பிரிக்காவில் மின்வெட்டு வந்து சுரங்கங்கள் முடங்கியதும், மார்ச்சில் ஓர் அவுன்ஸ் 2,200 அமெரிக்க டாலரைத் தாண்டியது. உலகப் பொருளாதாரம் சரிந்து கார் விற்பனை படுத்ததும், அதே ஆண்டு அக்டோபரில் 800 டாலருக்கும் கீழே போனது. எட்டு மாதத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். காரின் புகைக்குழாயில் நச்சுப் புகையை வடிகட்டத்தான் பிளாட்டினத்தின் பெரும் பகுதி போகிறது. ஆகவே கார் தும்மினால் பிளாட்டினத்துக்குக் காய்ச்சல். 2015 முதல் தங்கம் அதை முந்திவிட்டது. 'தங்கத்தைவிட உயர்ந்தது' என்று சொல்லி விற்ற காலம் போய்விட்டது.

விலை இறங்கினாலும் மறுபடி ஏறலாம்; எந்த உலோகத்துக்கும் அது உண்டு. விற்கப் போகும் இடம்தான் பிரச்சினை. நகைக்கடை ஆசாரி தங்கத்தை உரைகல்லில் உரசி மாற்றுச் சொல்வார், தேவையானால் உருக்கியும் பார்ப்பார். பிளாட்டினத்தை அவர் உலை உருக்காது. சேகரிப்பு நாணயத்தை உருக்கினால் அதற்கென்று கூடுதலாகக் கொடுத்த விலையும் கரைந்துவிடும். அதை அதற்குரிய நாணய வியாபாரியிடம்தான் கொண்டுபோக வேண்டும். அவர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். சிங்கப்பூர் 2012 அக்டோபர் முதல் முதலீட்டுத் தரத் தங்கம், வெள்ளி, பிளாட்டினத்துக்குப் பொருள் சேவை வரியை நீக்கியது. அதற்கும் தூய்மை உள்ளிட்ட நிபந்தனைகள் உண்டு. தீவின் பெயர் போட்ட எல்லா அலங்கார நாணயங்களும் அதில் அடங்கிவிடாது.

பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் நம் ஊர் அடகுக்கடை வாசலைப் பார்த்தால் இது விளங்கும். சீருடைக்கும் புத்தகப் பைக்கும் ஒரு சங்கிலி உள்ளே போகும். சட்டப்படி மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி, ஆறு மாதத் தவணை, கையில் ஒரு சீட்டு. கடைக்காரர் சங்கிலியைத் தராசில் வைப்பார், கிராம் பார்ப்பார், பணத்தை எண்ணுவார். பத்து நிமிட வேலை. அதே கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் வைக்கிங் கப்பல் பொறித்த ஒரு நோபிளை நீட்டினால், அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன, எந்த ஊர்க் காசு?" என்று கேட்பார்.